வெங்களூர் ஏரியிலிருந்து குவளாலபுரம் வரை: சைக்கிளில் போய்ப் பார்த்த கல்வெட்டுகள்

என் மகள் வயிற்றுப் பேரன் ஜெர்மனியில் படிக்கிறான். சென்ற கோடை விடுமுறையில் இரண்டு நண்பர்களோடு ஸ்பெயின் நாட்டில் சைக்கிளில் சுற்றினான். அங்கே சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்னும் ஊருக்குப் போகும் பழைய கிறிஸ்தவ யாத்திரைச் சாலை ஒன்று உண்டு. பிரான்ஸ் எல்லை மலையில் தொடங்கினால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். கோதுமை வயல்கள், திராட்சைத் தோட்டங்கள், நடுநடுவே புர்கோஸ், லெயோன் போன்ற பழைய நகரங்கள். 1993-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. யாத்திரிகர் கையில் ஓர் அட்டை வைத்திருந்து, தங்கும் ஊரில் எல்லாம் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். நடந்து போகிறவர் குறைந்தது 100 கிலோமீட்டர், சைக்கிளில் போகிறவர் 200 கிலோமீட்டர் முடித்திருந்தால் போய்ச் சேர்ந்ததும் சான்றிதழ் உண்டு.

முத்திரை குத்திய அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, பையன் போனில் கேட்டான்: "தாத்தா, நம்ம பெங்களூர்ப் பக்கம் இப்படி வயலும் பழைய ஊருமா ஒரு ரூட் இருக்கா?"

"இல்லாமலா?" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நான் பெங்களூருக்கு வந்து 41 ஆண்டுகள் ஆகின்றன. அல்சூரிலிருந்து தொழிற்சாலைக்கு 22 வருஷம் சைக்கிளிலேயே போய்வந்தவன். ஆனால் இந்தப் பக்கத்துத் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி மேடையில் பேசியிருக்கிறேனே தவிர, பாதியைக் கண்ணால் பார்த்ததில்லை. எல்லாம் புத்தகத்தில் படித்தவை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் நடந்தபோது எங்கள் வீட்டு வாசலில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையை நானே கழற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அந்த அவமானம் லேசில் போகாது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்வெட்டில் ஆர்வமே பிறந்தது. ஆராய்ச்சிக்காக அல்ல, சண்டைக்காக. யாராவது "நீங்க வந்தவங்க" என்று பேச்செடுத்தால், "தொம்மலூரில் போய்ப் பார், மடிவாளத்தில் போய்ப் பார்" என்று அடுக்கலாம் அல்லவா? அப்படி அடுக்கியும் இருக்கிறேன்.

துணைக்கு வந்தவர் என்னோடு ஒரே ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கன்னட நண்பர். மேற்சொன்ன டிசம்பரில் நான்கு நாள் என் மனைவி மக்களைத் தம் வீட்டில் வைத்திருந்தவர். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசிக்கொண்டதில்லை. "ஏன் குரு, அறுபத்தாறு வயசுல இது தேவையா?" என்று கேட்டுக்கொண்டே தம்முடைய பழைய ஹெர்குலிஸுக்கு எண்ணெய் விட்டார். என் மனைவி மட்டும், "ஏங்க, முட்டிவலித் தைலத்தை மறக்காம எடுத்து வைங்க" என்றதோடு சரி.

முதல் ஞாயிற்றுக்கிழமை நகருக்குள்ளேயே சுற்றினோம். விடியற்காலை ஐந்தரைக்கு அல்சூர் ஏரிக்கரையில் கிளம்பினோம். 18 ஆண்டுகள் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையைத் தாண்டித் தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குப் போனோம். பெயர் சொக்கநாதர், உள்ளே இருப்பவர் பெருமாள். கல்வெட்டிலும் சொக்கப் பெருமாள்தான். 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இவ்வூரைத் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் சொல்கின்றன. பட்டணம் என்றால் வணிகர் ஊர். இன்று சாஃப்ட்வேர்க் கம்பெனிகள் நிறைந்த இடத்துக்கு 700 ஆண்டுகளுக்கு முன்பே வியாபாரிகளின் பெயர் இருந்திருக்கிறது. அழகியார் என்னும் ஒருவர் கோயிலுக்கு இரண்டு வாசல் நிலைகள் கொடுத்திருக்கிறார். கொடை அவ்வளவுதான், இரண்டு நிலைக்கால்! ஆனாலும் அவர் பெயர் நின்றுவிட்டது.

இங்கேதான் நண்பர் முதல் கேள்வியைப் போட்டார். "இந்தக் கல்வெட்டு எந்த ராஜா காலம் குரு?" பொய்சள வீரராமநாதன் காலம் என்றேன். "பொய்சளன்னா ஹொய்சளா தானே? நம்ம பேலூர், ஹளேபீடு ஆளுங்க. அவங்க ஏன் தமிழ்ல எழுதினாங்க?"

நான் மேடையில் பேசியபோதெல்லாம் வசதியாக விட்டுவிட்ட இடம் இது. சோழர் இந்த மேட்டு நிலத்துக்கு வந்தது இராசராசன் காலத்தில். அவன் மெய்க்கீர்த்தியில் கங்கபாடியும் நுளம்பபாடியும் வருகின்றன. கங்கரின் தலைநகரான தலைக்காடு 1004 அளவில் சோழர் வசமாயிற்று. 1116-17 அளவில் போசள விட்டுணுவர்த்தனன் அதே தலைக்காட்டைப் பிடித்துத் 'தலகாடுகொண்டான்' என்று பட்டம் சூடிக்கொண்டான். சோழர் ஆட்சி இங்கே ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான். ஆனால் தமிழ்க் கல்வெட்டு அதற்கப்புறமும் 200 ஆண்டுகளுக்கு மேல் தொடர்கிறது. வீரராமநாதன் திருவரங்கத்துக்குப் பக்கத்துக் கண்ணனூரில் இருந்து ஆண்டவன். அவனுக்குப் பின் மூன்றாம் வல்லாளன் 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குந்தாணி இராச்சியம், குவளால நாடு, கைவார நாடு முதலிய பகுதிகளின் கோயில்களுக்கெல்லாம் ஒரே உத்தரவு அனுப்பினான். இன்னின்ன வரிகளை விட்டுவிட்டோம், அந்தப் பணத்தில் பூசையும் திருப்பணியும் குறைவில்லாமல் நடக்கட்டும் என்பது அதன் சாரம். இன்றைய அரசாங்க சுற்றறிக்கை மாதிரி அதைக் கோயில் கோயிலாகத் தமிழில் வெட்டி வைத்தார்கள். கன்னட அரசன், கன்னட நாட்டு மேட்டு நிலம், உத்தரவு தமிழில்! எதிர்ப்பக்கமும் உண்டு. எக்கடதேவன்கோட்டைத் தாலுகாவில் பேளத்தூர் என்ற ஊரில் 1057-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, தேகப்பே என்னும் பெண் கணவனுக்காகத் தீப்பாய்ந்ததைச் சொல்கிறது. ஆட்சி சோழ இராசேந்திரனுடையது, மொழி அருமையான கன்னடம்.

ஆகக் கல்லில் இருக்கும் மொழி அரசன் எந்தச் சாதி, எந்த இனம் என்பதைச் சொல்வதில்லை. அந்த ஊரில் கணக்கு எழுதியவர், பூசை செய்தவர், நிலத்துக்கு வரி கட்டியவர் எதைப் படிப்பார்களோ அந்த மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்பதே என் கருத்து. நண்பருக்கு இதைச் சொன்னதும், "அப்போ ரெண்டு பேரும் சண்டை போட்டது வேஸ்ட்டா?" என்றார். எந்த ரெண்டு பேர் என்று நான் கேட்கவில்லை.

மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் ஆட்டோ சத்தம் காதைப் பிளக்கிறது. அந்தச் சுவரில் 1247-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று, வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைத் தானமாகத் தந்ததைச் சொல்கிறது. வேப்பூர்க்காரர்கள் தந்த நிலமும் அதில் வருகிறது. வேப்பூர் இன்றைய பேகூர். தாமரைக்கரை என்பது இன்றைய தாவரெகெரெ. வெங்களூர் எது என்று சொல்ல வேண்டியதில்லை! கெம்பேகவுடர் கோட்டை கட்டிய 1537-க்கு 290 ஆண்டு முந்திய கல் இது. ஆனால் இதை வைத்து "ஊர்ப்பெயரே நம்மது" என்று மார்தட்ட முடியாது. பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள சுமார் 890-ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு, 'பெங்களூரு காளகம்' என்று இந்த ஊர்ச் சண்டையில் கங்க அதிகாரி நாகத்தரனைச் சார்ந்தவர் இறந்ததைக் குறிக்கிறது. மடிவாளத்துக் கல்லுக்கு மூன்றரை நூற்றாண்டு மூத்தது. ஒரு அரசனுக்குக் கிழவி வெந்த பயறு கொடுத்தாள், அதனால் 'பெந்தகாளூரு' என்று வந்தது என்னும் கதையும் இந்தக் கல்லோடு போயிற்று. அன்று மதியம் பேகூரில் அந்தக் கல்லின் முன்னால் நின்று நண்பர் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். எழுத்து பழையது, பாதிதான் வந்தது. எனக்கோ அதுவும் இல்லை.

அடுத்து மார்கழிக் கடைசியில் மூன்று நாள் பயணம். இதுதான் பேரன் கேட்ட ரூட். பழைய மதராஸ் ரோடு, ஒயிட்ஃபீல்டு, காடுகோடி, மாலூர், தேக்கல், கோலார். காடுகோடி வரை வயல் என்று ஒன்றும் கிடையாது. கண்ணாடிக் கட்டடங்களும் மெட்ரோத் தூண்களும்தான். ஆனால் கதையின் நடு முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

காடுகோடிக் கோயில் கல்வெட்டு 1043-ஆம் ஆண்டினது. முதலாம் இராசேந்திரன் ஆட்சியின் கடைசிக் காலம், தமிழ். பட்டந்தூர் ஏரியை வெட்டி, தூம்பு வைத்து, க்ஷேத்திரபாலர், கணபதி, துர்க்கை ஆகிய தெய்வங்களையும் எழுந்தருளச் செய்ததைப் பதிவு செய்கிறது. பட்டந்தூர் அக்ரகாரம் என்று இன்றும் பெயர் இருக்கிறது, ஐ.டி. பார்க்குக்குப் பக்கத்தில். தூம்பு என்றால் ஏரித் தண்ணீரை வயலுக்கு அளந்து விடும் மதகு. கரை போட்டால் மட்டும் ஏரி ஆகாது. தூம்பு இல்லையென்றால் தண்ணீர் சும்மா தேங்கிக் கிடக்கும். சரி, இதைச் செய்தவர் யார்? இராசராச வேளான். அசல் சோழ நாட்டுப் பட்டம் என்று முன்பு கைதட்டல் வாங்கியிருக்கிறேன். கல்வெட்டு அடுத்த சொல்லில் அவர் அப்பா பெயரைச் சொல்கிறது: பெர்மாடி காவுண்டன்.

பெர்மாடி என்பது கங்க அரசர்கள் வைத்துக்கொண்ட பட்டம். காவுண்டன் இந்த நாட்டு ஊர்த்தலைவன், இன்றைய கவுடர். தந்தை கங்க நாட்டுப் பெயரோடு இருக்கிறார், மகன் சோழன் பெயரில் பட்டம் வாங்கித் தமிழில் கல் வெட்டுகிறார். குடும்பம் எங்கேயிருந்தும் வரவில்லை, அரசுதான் மாறியிருக்கிறது என்பது என் யூகம். இராசராச வேளானை நம்மவர் என்று நான் சொன்னால் அவர் அப்பாவை என்ன செய்வது? நண்பர் கன்னடத்தில் சிரித்துக்கொண்டே, "அப்பன் நம்மவன், மகன் உங்களவன், கெரெ ரெண்டு பேருக்கும்" என்று பங்கு பிரித்துவிட்டார். கெரெ என்றால் ஏரி. அந்தப் பங்கு எனக்குச் சரியாகத்தான் பட்டது.

காடுகோடி தாண்டியதும் மூச்சு வந்தது. மாலூர்ச் சாலையில் ஓட்டுச் சூளை, செங்கல் சூளை, தைலமரத் தோப்பு. பிறகு ராகி அறுத்த வயல்கள், வைக்கோல் போர்கள், மல்பெரித் தோட்டங்கள், குச்சி நட்டுக் கட்டிய தக்காளி. அவரைக்காய்ப் பருவம் வேறு. எங்கே நின்றாலும் அந்த வாசனைதான். ராகிக் கதிரைத் தார் ரோட்டில் பரப்பி வைத்திருந்தார்கள். லாரி ஏறி இறங்கினால் மணி உதிரும், ஆள்கூலி மிச்சம். சைக்கிளுக்கு அது எமன். தாள் செயினில் சுற்றிக்கொண்டு இரண்டு தடவை இறங்க வேண்டியதாயிற்று. மாலூரில் இரவு தங்கி மறுநாள் தேக்கலை நோக்கிப் போகும்போது என் பின் டயர் பஞ்சர். நல்லதாகப் போயிற்று என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு சின்ன ஊரின் ஏரிக்கரையோரம் போனோம். வயலில் மருந்து அடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். பஞ்சர் கடை இரண்டு மைல் என்றார். பேச்சு வாக்கில் நாங்கள் எதற்குச் சுற்றுகிறோம் என்று நண்பர் சொன்னதும், எங்களைத் தூம்புக்குப் பக்கத்தில் அழைத்துப் போனார். புங்க மரத்தடியில் இடுப்பளவு கல், சாய்ந்து நின்றது. மஞ்சள், குங்குமம், காய்ந்த பூ. எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்தது. "ஓதக்கே பருத்தா சார்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். படிக்கத் தெரியுமா?

தமிழ் எழுத்துத்தான். வட்டமும் கோடுமாக, நடுவில் கிரந்தம் கலந்தது. முதல் வரியில் 'ஸ்வஸ்திஸ்ரீ', அப்புறம் 'சகரை யாண்டு ஆயிரத்து' வரை வந்தது. பிறகு பொரிந்துபோன இடம். நடுவில் ஒரே ஒரு தடவை 'ஏரி' என்ற சொல் பிடிபட்டது. யார் கொடுத்தார், என்ன கொடுத்தார், எவ்வளவு நிலம், ஒன்றும் தெரியவில்லை. 41 வருஷம் பெருமை பேசியவன் அந்தப் பெரியவர் முன்னால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். கடைசி இரண்டு வரி மட்டும் நன்றாகத் தெரிந்தது. தெரியாமல் என்ன, எல்லாத் தமிழ்க் கல்வெட்டிலும் வருகிற வாய்பாடு அல்லவா: இந்தத் தன்மத்துக்கு அழிவு செய்தவன் கெங்கைக் கரையில் குராற்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான். கொடை என்ன என்று படிக்கத் தெரியவில்லை, சாபம் மட்டும் படிக்க வந்தது.

நண்பர் அதைக் கன்னடத்தில் சொன்னார். பெரியவர் தலையை ஆட்டினார். "அதுதான் எங்க அப்பா இதை அசைக்க விடல. ஜே.சி.பி. வந்தப்பவும் நான் விடல" என்றார். பக்கத்து லேஅவுட்காரர்கள் கரையை மண் போட்டு அகலமாக்கியபோது கல்லைப் பிடுங்கப் பார்த்தார்களாம். அவர் குடும்பத்தில் யாருக்கும் அந்த எழுத்து தெரியாது. எந்த மொழி என்றே நாங்கள் சொல்லித்தான் தெரியும். "தமிளா?" என்று ஒரு முறை கேட்டார். "சரி, மிச்சம் ஏன் பர்திதாரே? படிச்சுட்டு வந்து சொல்லுங்க." வந்து சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கோலாருக்கு அன்று மாலை போய்ச் சேர்ந்தோம். குவளாலபுரம் என்பது பழைய பெயர். தலைக்காட்டுக்கு முன் கங்கரின் தலைநகர். சோழர் காலத்தில் இந்தச் சுற்றுப்புறம் நிகரிலிச் சோழ மண்டலம். கோலாரம்மா கோயில் சுவர்களில் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி உட்படத் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைய. அம்மனைக் கல்வெட்டு பிடாரி என்று சொல்கிறது. வாசலில் சண்டை போடுவதற்கு ஒருவரும் இல்லை. கன்னடத்துப் பெண்களும், தங்கவயல் பக்கத்திலிருந்து வந்த நம் தமிழ்ப் பெண்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

எனக்கு அங்கே நினைவு வந்தது பள்ளிக்கூடத்தில் படித்த நன்னூல். எழுத்து எது, சொல் எது என்று நம்மைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்த அந்த இலக்கணத்தைப் பவணந்தி முனிவர் செய்தது சீயகங்கன் அமராபரணன் கேட்டுக்கொண்டதால் என்று பாயிரம் சொல்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்துச் சிற்றரசன் அவன், கங்கர் குலம். கல்வெட்டில் அவனுக்குக் 'குவளாலபுரப் பரமேசுவரன்' என்று பட்டம். அதாவது கோலாருக்கு உரியவன் என்று பெருமை சொல்லிக்கொண்ட குலத்தான்தான் தமிழுக்கு நன்னூல் கிடைக்கக் காரணம். தலைக்காடு போய், கோலார் போய், கங்க அரசே போய் 200 ஆண்டு ஆன பிறகும் அந்தக் குலத்தார் ஊர்ப் பெயரை விடவில்லை. நாமும் வீட்டில் "எந்த ஊர்?" என்று கேட்டால் திருவண்ணாமலை, வேலூர் என்றுதானே சொல்கிறோம், பிள்ளைகள் பிறந்தது அல்சூரிலேயே ஆனாலும். நண்பருக்கு இதைச் சொன்னேன். அவர் பள்ளியில் நன்னூல் படித்தவரல்ல, ஆனாலும் சந்தோஷப்பட்டார். "கோலார் கங்கன் உங்களுக்கு கிராமர் கொடுத்தானா! பில் அனுப்பணும் குரு" என்றார்.

மூன்றாம் நாள் பங்காருபேட்டையில் மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்து வீடு திரும்பினோம்.

இந்தக் கல்வெட்டுகளையெல்லாம் முதலில் திரட்டிப் பதிப்பித்தவர் பி. எல். ரைஸ். 1837-இல் பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர். அவருடைய எபிகிராபியா கர்னாடிகாவில் பெங்களூர் மாவட்டம் 9-ஆம் தொகுதி, கோலார் 10-ஆம் தொகுதி. அதில் பதிவான கற்கள் பல இன்று இடத்தில் இல்லை. வீடாகவும் ரோடாகவும் ஆகிவிட்டன. மிதிக் சொசைட்டி 2021 முதல் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துப் பாதுகாக்கும் திட்டத்தை நடத்திவருகிறது. அழிந்த எழுத்தும் அதில் ஓரளவு தெரிகிறது. நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? பெங்களூர்த் தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றைய தமிழ் எழுத்தையே படிக்கிறார்கள், அதற்கப்புறம் அல்லவா 13-ஆம் நூற்றாண்டு எழுத்து! என் பேரனுக்குக் கல்லின் போட்டோவை அனுப்பினேன். "சூப்பர் தாத்தா, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கேட்டான். விவசாயி கேட்டதும் அதே கேள்விதான்.

ரைஸின் 10-ஆம் தொகுதியில் மாலூர்த் தாலுகாப் பகுதியை ஒரு வாரம் புரட்டினேன். அந்த ஊர்ப் பெயரில் இந்தக் கல் அகப்படவில்லை. கிரந்த எழுத்துப் பட்டியல் ஒன்றை ஜெராக்ஸ் எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன். நண்பரும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு போனார். தமிழ் 'ழ'வில் மட்டும் இன்னும் தகராறு செய்கிறார். மைப்படி எடுக்கத் தெரிந்த ஒருவர் தை மாதம் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார். பின் டயரை மாற்றியாயிற்று.